‘ஆசாமி’ என்று எழுதும் கைகளுக்கு

குற்றச் செய்தி எழுதுகிற, திருத்துகிற, தலைப்பு வைக்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் மேசையில் 11 வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் வெளியில் நின்று கல்லெறிகிறேன் என்று நினைக்க வேண்டாம். எறிகிற கல்லில் பாதி என் தலையில்தான் விழப்போகிறது.

முதலில் இலக்கணம். ஒருவர் சைக்கிளைத் திருடிப் பிடிபட்டால் நாம் என்ன எழுதுவோம்? ‘கைவரிசை காட்டிய ஆசாமி சிக்கினான்.’ இன்னொருவர் ஆயிரம் பேருடைய சேமிப்பைச் சுருட்டிவிட்டுப் பிடிபட்டால்? ‘நிதி முறைகேட்டில் ஈடுபட்டதாகக் கூறப்படும் தொழிலதிபர் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.’ முன்னவன் ‘அவன்’, பின்னவர் ‘அவர்’. முன்னவனுக்குக் ‘கூறப்படும்’ கிடையாது, பின்னவருக்கு உண்டு. முன்னவன் செய்தது திருட்டு. பின்னவர் செய்தது முறைகேடு, அதாவது ஏதோ ஒரு முறை கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது. இரண்டு வழக்கையும் நீதிமன்றம் இன்னும் கையில்கூட எடுக்கவில்லை. ஆனால் ஒரு விகுதியிலேயே நாம் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி இல்லை. அந்த மொழியில் திருடனுக்கும் அமைச்சருக்கும் ஒரே பிரதிப்பெயர்தான்.

இதை நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே எல்லோருக்கும் தானாக வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது.

ஒருநாள் மதியம். அச்சுக்குப் போக இன்னும் நேரமிருந்தது. வரவேற்பிலிருந்து ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள். முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே எங்கள் நாளிதழின் நறுக்கு ஒன்று, நான்கு வருடப் பழசு. அதோடு தீர்ப்பின் நகல், 9 பக்கம். நறுக்கில் அவர் படம் இருந்தது. மேலே ‘பிரபல கொள்ளையன் கைது’. தீர்ப்பில், அவருக்கும் அந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை என்று விடுதலை. “சார், இதையும் போட்டுடுங்க” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

அந்தத் தலைப்பு நான் வைத்தது. ‘பிரபல’ என்ற சொல்லும் நான் சேர்த்ததுதான். அதுவரை அவரை அவர் தெருவுக்கு வெளியே யாருக்கும் தெரியாது, பிரபலமாக்கியதே நான்தான். நகலை எடுத்துக்கொண்டு எனக்கு மேலே இருந்தவரிடம் போனேன். “விடுதலையெல்லாம் ஒரு செய்தியாப்பா?” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டியதுதான் உறுத்துகிறது. அதற்கப்புறம்தான் குற்றவியலையும் சமூகவியலையும் எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சிலவற்றை உங்களோடு பகிரத்தான் இந்த மடல்.

1962-ல் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ், ஜெரோம் ஸ்கால்னிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண உடலுழைப்பு வேலை தேடும் ஒருவரின் விவரங்களை வைத்து 4 கோப்புகள் தயாரித்தார்கள். எல்லாவற்றிலும் ஆள் ஒன்று, வயது ஒன்று, அனுபவம் ஒன்று. ஒரே ஒரு வித்தியாசம். முதல் கோப்பில் வழக்கு எதுவும் இல்லை. இரண்டாவதில் அடிதடி வழக்கு, விசாரணை முடிந்து விடுதலை, கூடவே அதை உறுதிசெய்து நீதிபதி கொடுத்த கடிதம். மூன்றாவதில் அதே விடுதலை, கடிதம் மட்டும் கிடையாது. நான்காவதில் தண்டனை. மொத்தம் 100 முதலாளிகள், கோப்புக்கு 25 பேர். வழக்கே இல்லாதவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றவர்கள் 9 பேர். நீதிபதியின் கடிதத்தோடு வந்தவரை, 6 பேர். கடிதமில்லாமல் விடுதலையானவரை, 3 பேர். தண்டனை பெற்றவரை, ஒரே ஒருவர்.

மூன்றாவது கோப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சட்டத்தின் கண்ணில் அவரும் முதல் கோப்புக்காரரும் ஒன்றுதான். ஆனால் அவருக்குத் திறந்திருந்த கதவுகளில் மூன்றில் இரண்டு சாத்திக்கொண்டன. என் மேசைக்கு வந்தவர் அந்த மூன்றாவது கோப்பு. அவர் என்னிடம் கேட்டது இரண்டாவது கோப்பில் இருந்த அந்தக் கடிதத்தைத்தான்.

40 வருடம் கழித்து டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிட்டத்தட்ட இதையே நேரில் ஆட்களை அனுப்பிச் செய்து பார்த்தார். முடிவுகள் 2003-ல் வெளிவந்தன. வழக்கில்லாத வெள்ளையருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17. வழக்கே இல்லாத கறுப்பினத்தவருக்கு 14. சிறை சென்றதாகச் சொன்ன கறுப்பினத்தவருக்கு 5. அதாவது சிறைக்குப் போய்வந்த வெள்ளையர், எந்தத் தப்பும் செய்யாத கறுப்பினத்தவரைவிட ஒரு படி மேலே நின்றார். முத்திரை ஒன்றுதான், யார் நெற்றியில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் ஆழம் மாறுகிறது.

இந்தச் சிந்தனைக்கு முத்திரையிடல் கோட்பாடு என்று பெயர். இதற்கு வேர்போட்டவர்களில் ஒருவரான ஃபிராங்க் டானன்பாம், தானே ஒரு வருடம் சிறையிலிருந்தவர். வேலையில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு தேவாலயங்களுக்குள் போய்ச் சோறும் படுக்க இடமும் கேட்டதற்காக 1914-ல் உள்ளே போட்டார்கள். பின்னாளில் பேராசிரியராகி 1938-ல் அவர் எழுதியது இதுதான்: ஒரு பையனைக் கெட்டவன் என்று திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டி, தனியே பிரித்து, எல்லோருக்கும் அறிவிக்கிறோம். அந்தச் சடங்கே கடைசியில் அவனை அப்படி ஆக்கிவிடுகிறது. 1951-ல் எட்வின் லெமர்ட் இதை இரண்டாகப் பிரித்தார். முதலில் செய்கிற தப்பு ஒரு வகை. ‘நீ இப்படிப்பட்டவன்’ என்று ஊர் சொன்ன பிறகு, அந்தப் பேரை ஏற்றுக்கொண்டு செய்கிற தப்பு இன்னொரு வகை. ஹோவர்ட் பெக்கர் 1963-ல் ஒருபடி மேலே போனார். பிறழ்வு என்பது செயலுக்குள் இருக்கும் குணமில்லை, மற்றவர்கள் அதற்கு ஆற்றும் எதிர்வினையில்தான் அது பிறக்கிறது என்றார். அந்த எதிர்வினையை ஊருக்கே அச்சடித்துக் கொடுக்கிற வேலையில்தான் நாம் இருக்கிறோம்.

சரி, யார் நம் பக்கத்துக்குள் வருகிறார்கள்? 1973-ல் வில்லியம் சாம்பிளிஸ் எழுதிய ஆய்வு ஒன்றை நான் எந்தப் பயிற்சி நிருபரைப் பார்த்தாலும் சொல்வேன். ஒரே பள்ளியில் இரண்டு பையன் கூட்டங்கள். ஒன்று வசதியான வீட்டுப் பிள்ளைகள், 8 பேர். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் ‘புனிதர்கள்’. மற்றது ஏழை வீட்டுப் பிள்ளைகள், 6 பேர், பெயர் ‘முரடர்கள்’. இரண்டு வருடம் கூடவே இருந்து பார்த்தார். புனிதர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டார்கள், குடித்துவிட்டுக் கார் ஓட்டினார்கள். பழுதுபார்க்க வெட்டிவைத்த சாலைப் பள்ளத்தைச் சுற்றியிருந்த எச்சரிக்கை விளக்கையும் தடுப்பையும் எடுத்துவிட்டு, எந்த வண்டி வந்து விழும் என்று ஒளிந்திருந்து பார்த்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் ஒருவர்மேல்கூட வழக்கில்லை. முரடர்களோ ஓயாமல் காவல்துறையிடம் மாட்டிக்கொண்டே இருந்தார்கள். எண்ணிக்கையில் புனிதர்களின் தப்புகள் குறைந்தவையல்ல என்பது சாம்பிளிஸின் கணக்கு.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. புனிதர்களிடம் கார் இருந்தது, ஊர் கண்ணில் படாத இடத்துக்குப் போனார்கள். முரடர்களுக்குத் தெருமுனைதான் கதி. புனிதர்கள் காவலரிடம் பணிவாக மன்னிப்புக் கேட்டார்கள், முரடர்கள் முறைத்தார்கள். பின்னாளில் புனிதர்களில் பெரும்பாலானோர் கல்லூரி முடித்தார்கள். முரடர்களில் இரண்டு பேர் கொலை வழக்கில் சிறைக்குப் போனார்கள். ஆனால் இன்னும் இரண்டு பேர் விளையாட்டு உதவித்தொகையில் படித்து ஆசிரியர்களானார்கள். இந்த இரண்டு பேரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. முத்திரை விதியல்ல என்பதற்கு அவர்கள்தான் சாட்சி.

நம் செய்தியின் முக்கால்வாசி காவல் நிலையக் குறிப்பிலிருந்து வருகிறது. ரோந்து போகிறவர் கண்ணில் தெருமுனை படும். மூடிய அறையில் கணக்குப் புத்தகத்தைத் திருத்துகிறவர் படமாட்டார். இதை முதலில் உரக்கச் சொன்னவர் எட்வின் சதர்லேண்ட். 1939 டிசம்பரில், அமெரிக்கச் சமூகவியல் கழகத்தின் தலைவராக நின்று, மேல்தட்டுக் குற்றங்களைப் பற்றிப் பேசினார். குற்றத்துக்கு வறுமைதான் காரணம் என்கிற கோட்பாடுகளெல்லாம் பிடிபட்ட ஏழைகளை மட்டும் எண்ணிப் போட்ட கணக்கு என்றார். அப்புறம் 70 பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் அரசு அமைப்புகளும் சொன்ன முடிவுகளைத் தேடிக் கூட்டினார். 980 வந்தது. ஒரு நிறுவனம்கூட அதில் தப்பவில்லை. 1949-ல் புத்தகமாக வரும்போது, நிறுவனங்களின் பெயரைப் போட்டால் அவதூறு வழக்கு வரும் என்று பதிப்பகம் பயந்தது. பெயர்களை எடுத்த பிறகுதான் அச்சேறியது. சதர்லேண்ட் அடுத்த வருடமே இறந்துபோனார். பெயர்களோடு முழுப் புத்தகம் வெளிவர 1983 ஆகிவிட்டது.

அந்தப் பதிப்பகத்தின் பயம் நமக்கும் நன்றாகத் தெரியும். தொழிலதிபருக்கு நாம் வைக்கிற ‘கூறப்படும்’ நாகரிகத்தால் வந்ததில்லை, வக்கீல் நோட்டீஸ் பயத்தால் வந்தது. ஆசாமியிடமிருந்து நோட்டீஸ் வராது.

இனி ‘பரபரப்பு’க்கு வருகிறேன். ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.’ எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ தெரியாது. அந்தப் பகுதியில் ஒருவரிடமாவது தொலைபேசியில் கேட்டிருப்பேனா என்றால், இல்லை. பத்தி இரண்டு வரி குறைந்தால் பரபரப்பு வரும், அவ்வளவுதான்.

ஆனால் எழுதினால் அது உண்மையாகவே வந்துவிடும் என்பதுதான் விபரீதம். இங்கிலாந்தின் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் 1964 ஈஸ்டர் விடுமுறை. நல்ல குளிர், மழை. பொழுதுபோகாத இளைஞர்கள் இரண்டு கூட்டமாகத் தள்ளுமுள்ளு செய்துகொண்டார்கள். சில ஜன்னல்கள் உடைந்தன, ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் உறுமிக்கொண்டு மேலும் கீழும் போயின. மறுநாள் பத்திரிகைகளில் ஊரே போர்க்களம். கடற்கரையோர நடன அரங்குகளெல்லாம் நொறுக்கப்பட்டன என்று ஒரு செய்தி. அந்த ஊரில் இருந்ததே ஒரு நடன அரங்கு. அதிலும் சில ஜன்னல்கள்தான் போயின. இதையெல்லாம் உட்கார்ந்து சரிபார்த்து 1972-ல் வெளியிட்டவர் ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர். ‘ஒழுக்கப் பீதி’ என்ற கருத்தைப் பரவச் செய்ததும் அவர்தான்; ஒரு கூட்டத்தைக் காட்டி, ஊரின் ஒழுக்கத்துக்கே ஆபத்து என்று அளவுக்கு மீறிப் பயப்படுவதுதான் அது.

அவர் தோண்டியெடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு காசோலைக் கதை. அதே வருடம் இன்னொரு கடற்கரை ஊரில் ஒரு பையனுக்கு நீதிமன்றம் 75 பவுண்டு அபராதம் போட்டது. “காசோலையாகத் தந்துவிடுகிறேன்” என்றான் அவன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசு கொழுத்துவிட்டது என்பதற்கு ஆதாரமாக அந்த ஒரு வரி வருடக்கணக்கில் சுற்றியது. உண்மையில் அவனிடம் வங்கிக் கணக்கே இல்லை. வாழ்க்கையில் ஒரு காசோலையிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் வீம்புக்குச் சொன்ன வார்த்தை. அன்றைய நிருபர்கள் அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

கோஹன் காட்டிய முக்கியமான விஷயம் அதற்கடுத்து நடந்தது. அடுத்தடுத்த விடுமுறைகளில் காவலர்கள் கூடுதலாகக் காத்திருந்தார்கள், புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள், வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. அந்த இரண்டு கூட்டத்தில் எந்தப் பக்கமென்று சொல்லத் தெரியாத பையன்களும், செய்தியில் படித்ததைப் பார்த்துப் பக்கம் சேர்ந்தார்கள். நாடகத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்தது செய்திதான்.

இதே 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று இரண்டு வாரம் கழித்து முன்னணி நாளிதழ் ஒன்று எழுதியது. பெருநகரத்து மனிதர்களின் இதயம் செத்துவிட்டது என்பதற்கு அரை நூற்றாண்டாக வகுப்பறைகளில் இதுவே உதாரணம். 2016-ல் அந்த நாளிதழே தன் பழைய செய்தி குறைபாடுள்ளது, மிகைப்படுத்தப்பட்டது என்று ஒப்புக்கொண்டது.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். ‘திருடனுக்காக இவ்வளவு உருகுகிறாயே, பறிகொடுத்தவருக்காக ஒரு வரி எழுதினாயா?’ நியாயமான கேள்வி. குற்றம் என்பது வெறும் பெயர்தான் என்று சொல்கிறவன் நானில்லை. கத்திக்குத்து வாங்கியவருக்கு அது பெயரில்லை. முதல் திருட்டு ஏன் நடந்தது என்பதற்கு முத்திரைக் கோட்பாட்டிடம் நல்ல பதிலும் கிடையாது. ஆனால் பாதிக்கப்பட்டவரையாவது நாம் ஒழுங்காக நடத்துகிறோமா? நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நில்ஸ் கிறிஸ்டி 1986-ல் ‘லட்சிய பலியாள்’ என்று ஒருவரைப் பற்றி எழுதினார். வயதான, பலவீனமான பெண். பட்டப்பகலில் நல்ல காரியத்துக்காகப் போய் வருகிறார். தாக்கியவன் முன்பின் தெரியாத பெரிய உருவம். இந்தச் சித்திரத்துக்குள் அடங்காதவர் மீது நமக்கு இரக்கம் சுலபத்தில் சுரப்பதில்லை. ‘கள்ளக்காதல் தகராறில் பெண் கொலை’ என்று நாம் எழுதும்போது, செத்தவரைக் கூண்டில் ஏற்றிவிட்டுக் கொன்றவரைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைக்கிறோம்.

‘தர்ம அடி’யும் அப்படித்தான். ஒருவரைக் கட்டிவைத்து ஐம்பது பேர் அடிப்பது எந்தச் சட்டப்புத்தகத்திலும் குற்றம். அதற்கு நாம் வைத்த பெயரில் ‘தர்மம்’ இருக்கிறது. சேர்ந்து தண்டிப்பதில் ஒரு சமூகம் தன்னையே ஒட்டவைத்துக்கொள்கிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் டர்க்கைம் 1893-லேயே எழுதினார். அவர் தமிழ் படித்திருந்தால் இந்த ஒரு சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1876-ல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, குற்றவாளியை மண்டையோட்டையும் தாடையையும் வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றார். 1913-ல் சார்லஸ் கோரிங் சுமார் 3000 கைதிகளை அளந்துபார்த்து, அப்படி ஒரு தனி ஜாதி உடம்பு இல்லை என்று காட்டினார். விஷயம் அங்கே முடிந்துவிட்டது. ஆனால் தலைகலைந்து, கண் சிவந்து, இரவெல்லாம் தூங்காத ஒருவரின் படத்தைப் போட்டு ‘முகத்தைப் பார்த்தாலே தெரியுதே’ என்று வாசகரைச் சொல்லவைக்கும்போது லொம்ப்ரோசோவுக்கு நாம்தான் சம்பளமில்லாத வேலைக்காரர்கள்.

இத்தனைக்கும், தப்பு செய்த இளைஞர்களில் பெரும்பாலானோர் வயது ஏறும்போது அதை விட்டுவிடுகிறார்கள். பாஸ்டன் பகுதியில் சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்த 500 பையன்களைப் பற்றி ஷெல்டன், எலினார் க்ளூக் தம்பதி 1940-களில் சேகரித்த ஆவணங்களை, பல பத்தாண்டுகள் கழித்து ராபர்ட் சாம்ப்சனும் ஜான் லாபும் எடுத்து ஆராய்ந்தார்கள். சிலரை 70 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். பாதை மாறியவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வந்தவை நிலையான வேலை, நல்ல இல்லறம், பழைய கூட்டாளிகளிடமிருந்து விலகல். வேலைக்குப் போகும் இடத்திலும் பெண் கேட்கும் வீட்டிலும் முதலில் வந்து நிற்பது நம் நறுக்கு. முன்பாவது தாள் மஞ்சளாகும், கரையான் தின்னும். இப்போது பெயரைத் தட்டினால் அரை நொடியில் வருகிறது, அன்று அச்சான அதே பளபளப்போடு.

இது மாற்ற முடியாத விஷயமில்லை. வியன்னாவில் சுரங்க ரயில் முன் பாய்ந்து உயிர்விடுவது 1980-களில் கூடிக்கொண்டே போனது. செய்திகளும் படமும் விவரமுமாகப் பெரிதாக வந்தன. 1987 நடுவில் நிபுணர்கள் பத்திரிகைகளோடு பேசி, எப்படி எழுதலாம் என்று வழிமுறை கொடுத்தார்கள். பத்திரிகைகள் ஏற்றுக்கொண்டன. அந்த வருடத்தின் பிற்பாதியில் அத்தகைய சம்பவங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. ரயிலும் தண்டவாளமும் மாறவில்லை, எழுதுகிற விதம்தான் மாறியது. குற்றச் செய்தியிலும் ஒரு தொடக்கம் உண்டு. சிறு குற்றங்களில், வழக்கின் முடிவுவரை தொடரப்போவதில்லை என்றால், சந்தேகத்துக்குரியவரின் பெயரையே போடுவதில்லை என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2021 ஜூனில் அறிவித்தது.

நான் கேட்பதும் அந்த அளவுதான். கைதை எழுதினால் தீர்ப்பையும் எழுதுங்கள். எழுத ஆளில்லை என்றால் பெயரையும் படத்தையும் விடுங்கள். இணையத்தில் கிடக்கும் பழைய செய்தியின் தலையில் ‘இவ்வழக்கில் இவர் விடுதலையானார்’ என்று ஒரு வரி சேர்க்க இரண்டு நிமிடம் போதும். தொழிலதிபருக்குத் தரும் ‘அவர்’, ‘கூறப்படும்’ இரண்டையும் சைக்கிள்காரருக்கும் கொடுங்கள். அல்லது இருவரிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளுங்கள், எனக்குச் சம்மதம். ‘பிரபல’ என்று எழுதும் முன் யாருக்குப் பிரபலம் என்று பக்கத்து மேசையிலாவது கேளுங்கள்.

அந்த 9 பக்க நகல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் வாங்கிக்கொண்டு போகவில்லை; ‘வெச்சுக்கோங்க சார், எப்பவாவது இடமிருந்தா’ என்று விட்டுப்போனார். இந்த மடலில் அவர் பெயரை எழுதி, அவர் குற்றமற்றவர் என்று இத்தனை வருடம் கழித்தாவது சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெயரைப் போட்டால், தேடுகிறவர் கையில் இந்த மடலோடு என் பழைய தலைப்பும் சேர்ந்து வந்து நிற்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய மேசைக்காரன்